கையளவு காரும் குறையில்லாப் பளபளப்பும்

1:24 அளவு மாதிரிக் காரின் உடல் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நான்கே கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிஜக் காரை அந்த அளவுக்குச் சுருக்கிப் பிளாஸ்டிக்கில் வார்க்கும்போது கதவு, ஜன்னல், சக்கரம் எல்லாமே இருபத்து நான்கில் ஒரு பங்காகிவிடுகின்றன. பெயின்ட் மட்டும் சுருங்குவதில்லை. நிஜக் காரின் மொத்தப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல் தடிமன் கொண்டது. அதே விகிதத்தில் மாதிரிக் காருக்கு 0.005 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். அவ்வளவு மெல்லிய பூச்சு அடியிலுள்ள நிறத்தை மூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கவும் இடம் தராது. ஆகவே மாதிரிக் காரின் பூச்சு எப்போதும் அளவுக்கு மிஞ்சிய தடிமனில்தான் நிற்கிறது. அதில் விழும் குறையும் அளவுக்கு மிஞ்சியே தெரிகிறது. கூரையில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மேடு இருந்தால், நிஜக் காரில் அது 24 மில்லிமீட்டர் மேடு. ராணுவ டாங்கி மாதிரியில் இத்தகைய குறையைச் சேறு, துரு என்று மறைத்துவிடலாம். கார் மாதிரியில் அந்தச் சலுகை இல்லை.

பெயின்ட் மட்டமாகும் விதம்

பெயின்ட்டில் முக்கியமானவை மூன்று: நிறம் தரும் நிறமி, அதைப் பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் ஓடவைக்கும் கரைப்பான். ஏர்பிரஷ் இந்தக் கலவையை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள நாசில் துளை வழியே இழுத்து, கம்ப்ரசர் காற்றால் நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. பிளாஸ்டிக்கில் விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து, பரப்பு இழுவிசையால் மட்டமான படலமாகின்றன. இதற்குக் கிடைக்கும் அவகாசம், கரைப்பான் ஆவியாகும்வரைதான். அது போனபின் மேடும் பள்ளமும் இருந்த இடத்திலேயே இறுகிவிடும்.

இங்கே இரண்டு கணக்குகள் பயன்படும். துளியின் விட்டம் பாதியானால், அது உலர எடுக்கும் நேரம் கால்வாசியாகிறது. அதனால் மிகப் பொடியாகச் சிதறிய துளி, காரை வந்தடையும் முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. அடுத்தது, ஈரப் படலத்தின் தடிமன் இரட்டிப்பானால் அது மட்டமாகும் வேகம் எட்டு மடங்காகிறது. ஆனால் செங்குத்தான பரப்பில் கீழ்நோக்கி வழியும் பெயின்ட்டின் அளவும் அதே எட்டு மடங்காகிவிடுகிறது. சொரசொரப்பு ஒருபுறம், வழிதல் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான இடத்தில்தான் நல்ல பூச்சு அமைகிறது.

ஆகவே குறையைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடுவதைவிட, கரைப்பான் சீக்கிரம் போனதா, தாமதமாகப் போனதா என்று பார்ப்பதே முதல் வேலை. இரண்டும் இல்லையென்றால் குறை பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது, அல்லது கருவியில் இருக்கிறது.

சொரசொரப்பும் ஆரஞ்சுத் தோலும்

கரைப்பான் சீக்கிரம் போனதன் முதல் அடையாளம் உலர் தெளிப்பு. பரப்பு மங்கலாக, மாவு படிந்ததுபோல் இருக்கும். விரலால் தடவினால் பொடி ஒட்டும். கூரையின் மறுபக்கம், முன்கண்ணாடித் தூணின் அடி, சக்கர வளைவின் உட்புறம் என்று நேரடித் தெளிப்பு படாமல் சிதறல் மட்டும் வந்து விழும் இடங்களில் இது அதிகம். ஏர்பிரஷ்ஷை 15 சென்டிமீட்டருக்கும் அப்பால் பிடிப்பது, காற்றழுத்தம் கூடுவது, தின்னர் குறைவது, அறை வெப்பமாக இருப்பது ஆகியவை காரணங்கள்.

ஆரஞ்சுத் தோல் அதற்கு அடுத்த நிலை. துளிகள் ஈரமாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் கலவை கெட்டியாக இருந்ததால் மட்டமாக நேரம் போதாமல், ஆரஞ்சுப் பழத்தோலைப் போலக் குழிகுழியாக இறுகியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. டியூப்லைட்டுக்குக் கீழே காரைப் பிடித்து, கூரையில் விளக்கின் பிம்பத்தைக் கவனிக்க வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் பிம்பத்தின் ஓரம் கோடு கிழித்ததுபோல் இருக்கும். ஆரஞ்சுத் தோலில் அந்த ஓரம் நெளிந்து, துண்டு துண்டாக உடைந்து தெரியும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் இப்படிப் பார்த்துவிட்டால் தவறு அடுத்த பூச்சுக்குத் தொடராது.

சொரசொரப்பைக் கண்டவுடன் பலர் செய்வது காற்றழுத்தத்தைக் கூட்டுவது. துளிகள் இன்னும் சிறியதாகி இன்னும் சீக்கிரம் காயும் என்பதால் குறை பெருகுமே தவிரக் குறையாது. மருந்து வேறு: கலவையைப் பால் பதத்துக்கு இளக்க வேண்டும். லேக்கர் வகைக்கு ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் வரை பிடிக்கும். அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அளவில் வைத்து, தூரத்தை 7 முதல் 10 சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சிறிது சேர்ப்பதும் நல்லது. ஜப்பானின் ஜி.எஸ்.ஐ. கிரியோஸ் நிறுவனம் விற்கும் லெவலிங் தின்னரில் இது முன்பே கலந்திருக்கிறது. லேக்கர் மிகக் கெட்டியாக இருந்தால் துளியாகச் சிதறாமல் நூல்நூலாக இழுபட்டு, சிலந்தி வலைபோல் காரில் படியும். அதற்கும் தின்னர்தான் தீர்வு.

வழிதலும் ஊசித்துளையும்

கரைப்பான் தாமதமாகப் போனால் முதலில் தெரிவது வழிதல். கதவின் கீழ்ப்பகுதியில் திரை தொங்குவதுபோல் பெயின்ட் இறங்கும். கதவிடுக்குக் கோடுகள் நிரம்பி மறையும். காற்று வேகமாகவும் பெயின்ட் நீர்த்தும் இருந்தால், விழுந்த இடத்திலிருந்து பல திசைகளில் கால்கால்களாக ஓடும். கூர்மையான விளிம்புகளில் இதற்கு நேர்மாறு. அங்கிருந்து பெயின்ட் பின்வாங்கி, அடிநிறம் மெல்லிதாகத் தெரியும்.

தெளிப்பைக் காரின் மேல் தொடங்குவதும் மேலேயே நிறுத்துவதும் வழிதலுக்கு வழக்கமான காரணம். கை நிற்கும் இடத்தில் பெயின்ட் குவிந்துவிடுகிறது. காருக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, சீராகக் கடந்து, மறுபுறம் வெளியே போய் நிறுத்துவதே முறை. முதல் இரண்டு பூச்சு மெல்லிய பனிபோலப் போதும். அவை அடுத்த ஈரப் பூச்சுக்குப் பிடிமானம் தரும். லேக்கருக்கு ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும்.

வழிந்த பெயின்ட்டைத் துணியால் துடைத்தால் சேதம் பெரிதாகும். ஈரம் இருக்கும்போதே உடலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் சில சமயம் தானே சமனாகும். ஓரத்தில் திரண்ட சொட்டை உலர்ந்த தூரிகை முனையால் உறிஞ்சி எடுக்கலாம். அதற்கும் மிஞ்சினால் முழுதாகக் காயவிட்டுத் தேய்ப்பதே வழி.

கனமான பூச்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேல்பகுதி தோல்போல் முதலில் இறுகிவிட, அடியில் சிக்கிய கரைப்பான் பின்னால் வெடித்து வெளியேறி ஊசித்துளைகளை விட்டுச் செல்லும். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வடித்தெடுத்த பெயின்ட்டை உடனே ஏர்பிரஷ்ஷில் ஊற்றினாலும் இதே குமிழ்கள் வரும். அதில் கரைந்திருக்கும் உந்துவாயு வெளியேற, மூடியைத் தளர்த்தி ஓர் இரவு வைக்க வேண்டும். பூச்சு முற்றிலும் காய்ந்ததா என்று அறிய மூக்கே நல்ல கருவி. உடலின் அருகே முகர்ந்தால் தின்னர் வாடை வரும்வரை அது காயவில்லை. வாடை அடங்கும் முன் தேய்த்தவர்கள், சில நாளில் பளபளப்பு உள்வாங்கி மங்குவதைப் பார்க்க நேரிடும்.

மழைக்கால வெண்மை

பளிச்சென்று இருக்க வேண்டிய கறுப்போ சிவப்போ பால் தெளித்ததுபோல் வெளிறிப்போவது லேக்கரில் அடிக்கடி வரும் குறை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. நீர் கலந்ததும் பிசின் தெளிவிழந்து வெளுக்கிறது. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டும் நாள்களில், அதுவும் வேகமாக ஆவியாகும் மலிவுத் தின்னரோடு, இது வராமல் இருந்தால்தான் வியப்பு. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லேக்கர் அடிப்பவர்கள் இதற்குத் தயாராகவே இருக்க வேண்டும்.

ரிட்டார்டர் சேர்த்தால் ஆவியாதல் மெதுவாகி, குளிர்ச்சியும் குறையும். ஏ.சி. அறையின் காற்று உலர்ந்தது என்பதால், ஏ.சி. ஓடும் அறையில் உடலையும் பெயின்ட்டையும் முன்கூட்டியே வைத்திருந்து பயன்படுத்துவதும் உதவும். வெளுத்துவிட்ட பூச்சைத் தேய்க்க வேண்டியதில்லை. ஈரம் குறைந்த நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லத் தெளித்தால், பிசின் மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெளுப்பு இல்லாமல் அங்கங்கே நீர்ப்புள்ளி மட்டும் விழுந்தால் குற்றவாளி கம்ப்ரசர். அழுத்தப்பட்ட காற்று ஆறும்போது குழாயில் நீர் திரளும். குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியைப் பொருத்துவதும், வேலை முடிந்ததும் கம்ப்ரசர் தொட்டியின் நீரை வடிப்பதும் இதைத் தடுக்கும்.

மீன்கண், தூசு, விரல்தடம்

வட்டவட்டமாகப் பெயின்ட் விலகி, நடுவே அடிப்பரப்பு தெரிவதை மீன்கண் என்பார்கள். எண்ணெயோ சிலிக்கோனோ படிந்த இடத்தின் பரப்பு இழுவிசை பெயின்ட்டினுடையதைவிடக் குறைவு. அங்கே பெயின்ட் பரவ மறுக்கிறது. அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய், விரல் பிசுக்கு, அதே அறையில் அடித்த சிலிக்கோன் பாலிஷ் ஆகியவை வழக்கமான காரணங்கள். அதன்மேல் எத்தனை பூச்சு அடித்தாலும் குழி ஆழமாகுமே தவிர மூடாது. அந்த இடத்தைக் காயவிட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்துதான் மறுபடி தொடங்க வேண்டும். வருமுன் காப்பது எளிது: பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு இடுக்கெல்லாம் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதன்பின் கையுறையோடு மட்டும் தொடுவது.

தூசு எல்லா வீட்டிலும் உண்டு. வேலைக்குமுன் தரையில் நீர் தெளிப்பது, மின்விசிறியை நிறுத்துவது, நூல் உதிராத சட்டை அணிவது, அடித்தவுடன் உடலைப் பிளாஸ்டிக் பெட்டியால் மூடுவது ஆகியவை போதும். ஈரப் பூச்சில் இழை விழுந்தால் எடுக்க முயல்வது ஒரு புள்ளியைக் கோடாக மாற்றிவிடும். காய்ந்தபின் 2000 எண் வாட்டர் பேப்பரின் ஒரு மூலையால் தேய்த்தால் தடமின்றிப் போகும்.

அடியிலிருந்து எழும் குறைகள்

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த காருக்கு வெள்ளை அடித்தால் அது ரோஜா நிறத்துக்கு மாறும். பெயின்ட்டின் கரைப்பான் பிளாஸ்டிக்கிலுள்ள சாயத்தைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. வெள்ளையை அடுக்கிக்கொண்டே போனால் ரோஜாவும் கூடவே ஏறும். பிரைமருக்கு மேல் வெள்ளி நிறம் ஒரு பூச்சு அடித்தால், அதன் அலுமினியச் செதில்கள் தடுப்பாக நின்று சாயத்தை மறிக்கும்.

மஞ்சளும் சிவப்பும் மூடும் திறன் குறைந்த நிறங்கள். சாம்பல் பிரைமர்மேல் மஞ்சள் அடித்தால் விளிம்புகளும் இடுக்குகளும் அழுக்காகத் தெரியும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கொடுத்தால் குறைந்த பூச்சிலேயே நிறம் எழும்பும்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் காரமான கரைப்பான் தாக்கினால் பரப்பில் நுண்விரிசல் வலையாகப் படரும். மெல்லிய பிரைமர்ப் பூச்சுகளே இதற்குக் கவசம். இதைவிடக் கொடியது சுருக்கம். எனாமல் பூச்சு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகுவது. அது முழுதாக இறுகும் முன் மேலே லேக்கர் விழுந்தால், கரைப்பான் உள்ளே புகுந்து படலத்தை வீங்கவைத்து, தோல் சுருங்குவதுபோல் சுருட்டிவிடும். லேக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலுக்கு மேல் லேக்கர் கூடாது என்பது மாதிரி செய்பவர்களின் பாலபாடம்.

மெதுவாக வெளிப்படும் குறை புட்டித் தடம். இடைவெளியை நிரப்பிய புட்டி காய்ந்து சுருங்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பெயின்ட் அடித்தால், பளபளப்பாக முடிந்த காரில் ஒரு மாதம் கழித்துக் கோடு எழும். பெரிய இடைவெளிகளுக்குச் சுருங்காத எபாக்ஸி புட்டியே ஏற்றது.

உலோக நிறமும் நாடாவும்

உலோக நிறங்களில் அலுமினியச் செதில்களும், முத்து நிறங்களில் அபிரகச் செதில்களும் மிதக்கின்றன. பூச்சு ஈரமாக இருந்தால் அவை நகர்ந்து திட்டுத்திட்டாகவும் வரிவரியாகவும் சேரும். ஆகவே மற்ற நிறங்களுக்குச் சொன்ன விதி இங்கே மாறுகிறது: பூச்சு மெல்லிதாகவும் சற்று உலர்ந்தும் விழ வேண்டும், கடைசிப் பூச்சைச் சிறிது தூரத்திலிருந்து பரவலாகத் தெளித்தால் செதில்கள் சீராக அமையும். அடிக்கும்போது கோப்பையை இடையிடையே கலக்காவிட்டால் செதில்கள் அடியில் தங்கி, பானெட்டும் கதவும் வேறு நிறமாக முடியும். உலோக நிறத்தைத் தேய்க்கவே கூடாது; செதில்கள் வெட்டுப்பட்டுக் கறை தெரியும். தேய்ப்பும் பாலிஷும் மேலே அடிக்கும் நிறமில்லா கிளியர் பூச்சுக்கு மட்டும்.

இரு நிறக் கார்களில் மாஸ்கிங் டேப்பின் அடியில் பெயின்ட் ஊறி, எல்லைக்கோடு பல்பல்லாக வரும். ஒட்டிய விளிம்பின்மேல் முதலில் அடிநிறத்தையே மெல்ல ஒரு பூச்சு அடித்தால், ஊறுவது அதே நிறமாக இருந்து இடைவெளியை அடைத்துவிடும். பிறகு அடிக்கும் நிறம் சுத்தமான கோட்டில் நிற்கும். டேப்பைப் பெயின்ட் முழுதும் இறுகும் முன், தன்மேலேயே மடித்து, மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும்.

கருவி காட்டும் அறிகுறிகள்

தெளிப்பு சீராக வந்துகொண்டிருந்து திடீரென்று சொட்டாகத் துப்பினால், ஊசிமுனையில் பெயின்ட் காய்ந்து திரண்டிருக்கிறது. தின்னரில் நனைத்த தூரிகையால் முனையைத் துடைத்தால் தீரும். கோப்பையில் குமிழி எழுந்தால் நாசில் தளர்ந்திருக்கிறது, விரிசல் விட்டிருக்கிறது, அல்லது முனை அடைபட்டுக் காற்று பின்னோக்கி வருகிறது. தெளிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தால் ஊசிமுனை வளைந்திருக்கலாம். ஊசியை வெளியே எடுத்து, காகிதத்தின்மேல் விரலால் உருட்டினால் வளைவு கண்ணுக்குத் தெரியும். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தின்னர் விட்டுக் கழுவினால் இவற்றில் பாதி வராது.

தேய்ப்பதா, உரிப்பதா

ஆரஞ்சுத் தோல், தூசு, சிறு வழிதல் ஆகியவை மேற்பரப்பில் இருப்பவை, தேய்ப்பால் போகும். லேக்கர் என்றால் ஒரு வாரமும் எனாமல் என்றால் அதற்கு மேலும் காயவிட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத்துளி கலந்த நீரில் நனைத்து, ஒரே திசையில் லேசாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் மங்கும். பள்ளங்கள் மட்டும் மின்னும். மின்னும் புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு 3000, 4000 என்று நுண்மையான தாள்களில் ஏறி, பாலிஷ் காம்பவுண்டில் முடிக்க வேண்டும். டமியா நிறுவனத்தின் காம்பவுண்ட் இதற்காகவே மூன்று நிலைகளில் வருகிறது. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லிதாக இருப்பதால், அங்கே முன்னரே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது பாதுகாப்பு. இல்லையேல் ஓரிரு இழுப்பில் பிரைமர் வெளியே வந்துவிடும்.

மீன்கண் பரவலாக இருந்தாலும், சுருக்கம், விரிசல், நிரம்பிய கதவிடுக்கு ஆகியவை இருந்தாலும் தேய்ப்பது வீண்வேலை. உரித்துவிடுவதே நேரம் மிச்சம். செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உடலை ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தால், அக்ரிலிக்கும் பல லேக்கர்களும் பிளாஸ்டிக்குக்குச் சேதமின்றிக் கழன்றுவிடும். லேக்கர் தின்னரிலோ அசிட்டோனிலோ ஊறவைத்தால் பெயின்ட்டோடு காரும் கரையும்.

இந்த வேலை முழுவதிலும் தீப்பிடிக்கும் ஆவி அறையில் நிறைகிறது. காற்று வெளியேறும் வசதி, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி, அருகில் தீயில்லாமை மூன்றும் கட்டாயம். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கடினப்படுத்தி கலந்து அடிக்கும் இருபகுதி கிளியரில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புதுப் பெயின்ட், புதுத் தின்னர், மாறிய வானிலை எதுவானாலும் காரில் சோதிக்கக் கூடாது. வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகள் பெரும்பாலும் கார் உடலைப் போலவே பாலிஸ்டைரீனால் ஆனவை. அவற்றின் வளைவும் மட்கார்டின் வளைவுக்கு நெருக்கமானது. கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தி, அதே கலவையில் பிரைமர் முதல் கிளியர் வரை அடித்து, கலவை விகிதம், அழுத்தம், தூரம், ஈரப்பதம் நான்கையும் அதன் காம்பிலேயே எழுதிவைக்கலாம். கரண்டியில் வழிந்தால் தின்னரையோ தெளிப்பையோ குறைத்து, சொரசொரத்தால் கூட்டி, பிம்பம் நேராகத் தெரியும் அளவு கிடைத்தபின் காருக்குப் போனால் போதும்.